பதினெட்டாவது எழுத்து

டிபன் கேரியரில் காலி இடம் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மூன்று அடுக்கும் நிறைந்திருக்க வேண்டும். சோறு குறைந்தால் ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயாவது வைத்து அடைக்கச் சொல்வேன். என் மனைவி ராஜம்மா இதைப் பைத்தியம் என்பாள். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் இருபத்திரண்டு வருஷமாக நிறைந்த கேரியரோடுதான் பூந்தமல்லியில் கம்பெனி வேன் ஏறுகிறேன்.

விசாரணை அதிகாரி ஐயா அவர்களே, தங்கள் அறிக்கையின் நகல் நேற்று என் மேஜைக்கு வந்தது. பதினொரு பக்கம். டைப் அடித்தவர் பாவம், எங்கே புள்ளி வைப்பது என்று தெரியாமல் கண்ட இடத்தில் வைத்திருக்கிறார். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'சிப்பைத் தயாரிக்கும் புரோகிராமை எழுதிய திரு. திருமலை அவர்களின் அறியாமையே இவ்விபத்துக்கு மூல காரணம்.' அதற்குக் கீழே, என்னைத் தண்டலம் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரிக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று பரிந்துரை. அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்கு நான் ஒரு முறை போயிருக்கிறேன். நான்கு கம்ப்யூட்டர் இருந்தன. மூன்றை உறை போட்டு மூடி, குங்குமம் வைத்திருந்தார்கள்.

அந்த ஒரு சொல்லைத் திருத்தவே இதை எழுதுகிறேன். வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

தங்களுக்குப் புரியும்படியே சொல்கிறேன். விசாரணையின்போது 'பைட் என்றால் எத்தனை கிராம்' என்பது போலத் தாங்கள் முகத்தை வைத்திருந்ததைக் கவனித்தேன். எங்கள் கம்பெனி பவர் பிரஸ் செய்கிறது. இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைத்து வடிவாக்கும் இயந்திரம். அடி நாற்பது டன். ஆகவே ஓட்டுகிறவனின் கை எங்கே இருக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். வலது பக்கம் ஒரு பொத்தான், இடது பக்கம் ஒரு பொத்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி இறங்கும். கீழே ஒரு பெடலும் உண்டு. அது அச்சு மாட்டும்போது மட்டும் உதவும். சாதாரண வேலை நேரத்தில் அது செத்த பெடல்.

இதையெல்லாம் முடிவு செய்வது ஒரு சிப்பு. மெயின் போட்டதும் பூட் புரோகிராம் அந்தச் சிப்பின் தலைப்பகுதியைப் படிக்கும். முதலில் இயந்திரத்துக்கு உரியவரின் பெயர், அடுத்து இரண்டு கை வேண்டுமா, பெடல் போதுமா என்கிற குறி, அதற்கடுத்து அடியின் நேரம். இந்தத் தகவல்களை வரிசையாகக் கட்டிச் சிப்பில் ஏற்றுகிற புரோகிராமைத்தான் நான் எழுதினேன். எண்பத்தேழில், தனி ஆளாக, எவனுடைய பயிற்சியும் இல்லாமல்.

இதில் ஒரு சங்கதி உண்டு. எங்கள் பிராசசர் பெரிய எண்களை இரட்டைப்படை இடத்தில் வைத்தால்தான் எடுக்கும். ஒற்றைப்படை இடத்தில் வைத்தால் அப்படியே முரண்டு பிடித்து நின்றுவிடும். பெயருக்கு நான் ஒதுக்கியது பதினேழு இடம். பதினாறு எழுத்து, கடைசியில் பெயர் முடிந்தது என்று சொல்லும் ஒரு பூஜ்யம். கம்ப்யூட்டர் இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆகவே அடுத்த இடத்தின் எண் பதினேழு, ஒற்றைப்படை. நேரத்துக்கான எண்ணை அங்கே வைக்க முடியாது. ஆகவே ஓர் இடம் காலி. வேறு எவனாக இருந்தாலும் அதைக் காலியாகவே விட்டிருப்பான். நான் இரண்டு கைக் குறியைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். பூஜ்யம் இருந்தால் இரண்டு கை. வேறு எது இருந்தாலும் பெடல் போதும். கச்சிதமாகப் பொருந்தியது. அன்று ராஜம்மாவுக்கு மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

நான்கு வருஷம் ஒரு குறையும் இல்லை. இந்த ஜூன் மாதம் சசிரேகா வந்து சேர்ந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். அப்பா விவசாயம். டிப்ளமாவில் முதல் வகுப்பாம். சேர்ந்த முதல் வாரத்தில் அதை மூன்று பேரிடம் சொன்னாள். என் புரோகிராமைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்திருக்கிறாள். ஒரு நாள் காலையில், நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"சார், பேரை எடுத்து வெக்கிற எடத்துல நீளம் பாக்கவே இல்ல சார். பேரு நீளமா வந்தா பக்கத்துல போய் விழும். பக்கத்துல ரெண்டு கை குறி கீது சார்."

"நாலு வருஷமா விழலியேம்மா" என்றேன்.

"நாலு வருஷமா பேரு நீளமா வரல சார், அவ்ளோதான்."

டீ ஆறிவிட்டது. அவள் சொன்னது சரி. சி மொழியில் பெயரை நகல் எடுக்கும் அந்தக் கட்டளைக்கு முன்பின் பார்க்கத் தெரியாது. முடிவுப் பூஜ்யம் வரும்வரை கொட்டிக்கொண்டே போகும். அதன்பின், சிப்பு பிசகாமல் ஏறியதா என்று சரிபார்ப்பதற்காக நான் கணக்கிடும் கூட்டுத்தொகையும் கொட்டியதையெல்லாம் சேர்த்தே போடுவதால், பூட் புரோகிராம் சிப்பைப் படித்து 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும். இதை ஓர் இருபத்தொரு வயதுப் பெண் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள் என்பது எனக்கு ரசிக்கவில்லை. ரசிக்காததை ரசித்ததாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் செய்து காட்டச் சொன்னேன். முதலாளி பலராமனையும் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் அப்பாவுவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் பதினேழு எழுத்தில் ஒரு பெயரைக் கொடுத்தாள். பதினாறுக்குத்தான் இடம், ஆகவே பதினேழு போதும் என்பது அவள் எண்ணம். இயந்திரம் ஒழுங்காக ஓடியது. பெடலை மிதித்தார்கள், அசையவில்லை. மறுபடி மிதித்தார்கள், அசையவில்லை. முதலாளி சிரித்தார். அப்பாவு, "இன்னாம்மா, இதுக்கா எங்கள லைன நிறுத்திட்டு வரச் சொன்ன?" என்றார். அவள் முகம் செத்துவிட்டது. பிரிண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். பதினேழு எழுத்து கொடுத்தால், பக்கத்து இடத்தில் போய் விழுவது எழுத்து அல்ல, முடிவுப் பூஜ்யம். அங்கே ஏற்கெனவே இருப்பதும் பூஜ்யம். பாலில் பால் விழுந்த மாதிரி. இன்னும் ஓர் எழுத்து கூட்டியிருந்தால் போதும். அவளுக்கு அது தோன்றுவதற்குள், "போதும்மா, முதலாளிக்கு வேலை இருக்கு" என்று எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் வேனுக்குப் போன பிறகு, மேஜைமேல் இருந்த சோதனைப் போர்டில் நானே பதினெட்டு எழுத்து ஏற்றிப் பார்த்தேன். பெடல் சுவிட்சைத் தட்டினேன். அடி இறங்கியதைக் காட்டும் விளக்கு எரிந்தது. பெயரின் முடிவுப் பூஜ்யம் நேரத்துக்கான எண்ணின் முதல் இடத்தில் விழுந்தது, அங்கேயும் ஏற்கெனவே பூஜ்யம்தான். பத்தொன்பது எழுத்தும் போட்டுப் பார்த்தேன். அது நேரத்துக்கான எண்ணில் ஏறிக் கெடுத்ததால் போர்டு ஓடவே மறுத்தது. ஆக, பதினேழு என்றால் ஒன்றும் ஆகாது. பத்தொன்பது என்றால் மாட்டிக்கொள்ளும். பதினெட்டு மட்டும்தான் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்காரும். இதை ஒரு தாளில் குறித்து, தேதி போட்டு, என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன். அறியாமை உள்ளவர்கள் தேதி போட்டுக் குறிப்பு எழுதி வைப்பதில்லை.

இரண்டு வரி மாற்றினால் சரியாகியிருக்கும். மாற்றியிருந்தால் அவள் ஜெயித்ததாக ஆகியிருக்கும். தாங்கள் ஓர் அலுவலகத்தில் இருக்கிறீர்கள், இதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தானே ஒரு புரோகிராம் எழுதினாள். பெயர் நீளமாக வந்தால் அது வாங்காமல் திட்டும். குறியை எங்கோ தள்ளி வைத்து, நடுவில் எட்டு இடம் வெறுமனே விட்டிருந்தாள். முதலாளிக்கு எதுவும் புரியாது, ஆனால் புதிது என்றால் பிடிக்கும். "விஜயதசமியிலேர்ந்து இந்தப் பொண்ணோடத வெச்சே ஏத்துங்க திருமலை. நல்ல நாள் பாருங்க" என்றார். நான் நான்கு வருஷம் உழைத்ததை நல்ல நாள் பார்த்து எடுத்து வைத்துவிட்டார்.

அதே வாரம் எங்கள் பிரஸ் ஷாப்பில் உள்ள ஆறு பிரஸுக்கும் புது டிஸ்பிளே வந்தது. சிவப்பு எழுத்து, ஒரு வரியில் இருபது எழுத்து காட்டும். ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு பிரஸிலும் அதை ஓட்டுகிறவன் பெயர் எரிய வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அப்பாவு இனிஷியலோடு ஒரு பட்டியல் கொடுத்தார். நான் ஆட்களின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலை வாங்கிப் பார்த்தேன். ஆறு பேருக்கும் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்தால் எத்தனை எழுத்து வருகிறது என்று பென்சிலால் எண்ணினேன். ஐந்து பேர் பதினாறுக்குள் அடங்கினார்கள். மூன்றாம் எண் பிரஸ், சவரிமுத்து யாக்கோபு. ஆங்கில எழுத்தில் சவரிமுத்து பதினொன்று, இடைவெளி ஒன்று, யாக்கோபு ஆறு. மறுபடியும் எண்ணினேன்.

முதலாளியிடம் போய், "இனிஷியல் எதுக்கு சார், அப்பா பேரோடயே போடுவோம். பசங்க சந்தோஷப்படுவாங்க" என்றேன். என் தோளில் தட்டினார். எனக்கு இப்படிப்பட்ட மனசு உண்டு என்று அவருக்கு அன்றுதான் தெரியுமாம்.

பூஜை அன்று காலை. யாக்கோபு வல்லம் வடகாலிலிருந்து பெண்சாதி லூர்தம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் எங்கள் ஷாப்பில் ஆயுத பூஜை என்றால் மிஷினைத் துடைத்துப் பூ போடுவதில் யாக்கோபுதான் முதலில் நிற்பான். சசிரேகாவைக் கூப்பிட்டு ஆறு சிப்பையும் என் புரோகிராமில் ஏற்றச் சொன்னேன். ஐந்து ஏற்றினாள். கடைசியாக எடுத்த மூன்றாம் எண் சிப்பில் கை நின்றது.

"சார், இது பதினெட்டு வருது. இனிஷியலோட போட்டுர்லாமா?"

யாக்கோபு கதவருகே நின்றுகொண்டிருந்தான். "எங்க நைனா பேரும் எரியுமா சார்?" என்று அப்போதுதான் கேட்டிருந்தான்.

"அவன் அப்பன் பேரைச் சுருக்கணுமாம். நீயே சொல்லிடு அவன்கிட்ட" என்றேன்.

அவள் யாக்கோபைப் பார்த்தாள். பிறகு என்னை. "அப்போ என் டூல்ல எடத்த கூட்டி ஏத்தட்டுமா சார்?"

"உன்னுது நாளைக்குத்தானம்மா பதவி ஏத்துக்குது. இன்னிக்கு என்னுது. பதினேழுல ஒண்ணும் ஆகலன்னு எல்லாருக்கும் நீதான காட்டின."

"மாட்டினதும் மிஷின்ல ஒரு தபா ஓட்டிப் பாத்துர்லாம் சார். பெடல் மட்டும்."

"சந்தனம் வெச்சாச்சு" என்றேன்.

இதற்குமேல் எங்கள் ஷாப்பில் யாரும் பேச முடியாது. பூஜைக்குச் சந்தனம் வைத்த மிஷினை மறுநாள் விஜயதசமிக் காலையில் முதல் துண்டு அடிக்கும்வரை ஓட்டக் கூடாது. சிப்பு மாட்டலாம், விளக்கு எரியலாம், மோட்டார் சுற்றக் கூடாது. முதலாளிகூட அதை மீற மாட்டார். சசிரேகாவும் மீறவில்லை, அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தானே. பெயரை அடித்தாள். பூட் புரோகிராம் படித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றது.

மூன்றாம் எண் பிரஸில் பெயர் எரிந்ததும் லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாக்கோபு எழுத்து எழுத்தாகத் தன் அப்பா பெயரைப் படித்தான். பிறகு நேரே என்னிடம் வந்தான். "எங்க நைனா உசிரோட இருந்தப்போ அவரு பேர எவனும் முழுசா கூப்ட்டதில்ல சார்" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பொரியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சசிரேகா கிளம்பும்போது, "காலைல முதல் ஷிப்டுக்கே வந்து மூணாம் நம்பர மட்டும் டெஸ்ட் பண்ணிட்றேன் சார், அதுக்கப்பறம் ஓட்டட்டும்" என்றாள். நல்ல யோசனை என்றேன். கூடவே, பிரசாதப் பெட்டியை அவள் கையில் கொடுத்து, காலையில் அதை முதலாளி வீட்டில் சேர்த்துவிட்டு வரச் சொன்னேன். முதலாளி வீடு கோயில் தெருவில். அந்த அம்மாள் வருகிறவர்களைக் காபி கொடுக்காமல் விட மாட்டார். விசாரணையில் 'பொறியாளர் தாமதமாக வந்தது ஏன்' என்று தாங்கள் அவளைக் கேட்டீர்கள். 'எனது தவறு' என்றாள். யார் அனுப்பினார்கள் என்று தாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இயந்திரத்தை யாருமே சோதிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அப்பாவு காலையில் சோதித்தார். இரண்டு பொத்தானையும் அழுத்தினார், அடி இறங்கியது, திருப்தியாகப் போய்விட்டார். வேலை செய்ய வேண்டியது செய்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். செய்யக் கூடாதது செய்கிறதா என்று எவன் பார்க்கிறான்? அந்தப் பெண் ஒருத்திதான் பார்க்க நினைத்தாள்.

யாக்கோபு முதல் துண்டை அடித்தான். அதை எடுக்க அச்சுக்கு நடுவே கை விட்டான். விஜயதசமியின் முதல் துண்டு என்பதால், மரியாதையாக இரண்டு கையையும் விட்டான். மற்றது தங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் டாக்டர் எழுதியபடி. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டும். சசிரேகா கேட் அருகே வரும்போது அவனை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அழுதுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே போய்ச் சிப்பைக் கழற்றி, உள்ளே இருப்பதைப் பிரிண்ட் எடுத்தாள். இரண்டு கைக் குறி இருக்க வேண்டிய இடத்தில், பூஜ்யத்துக்குப் பதில், அவன் பெயரின் கடைசி எழுத்தான 'யு' உட்கார்ந்திருந்தது. அந்தத் தாளை என் மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கே அவளை சஸ்பெண்ட் செய்தார்கள், சிப்பை ஏற்றிய கை அவளுடையது என்பதால்.

தங்கள் முன்னால் அவள் என்னை மாட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாரித்து வைத்திருந்தேன். அவள் சொன்னது இது. "திருமலை சாருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல சார். அவரு அந்தக் காலத்து ஆளு. ஆகஸ்ட்லயே நான் பதினெட்டும் போட்டுக் காட்டிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும். தப்பு என்னுதுதான்." சொல்லும்போது என்னைப் பார்த்தாள். அது கோபமாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். இரக்கம். தாங்களும் தலையாட்டி, 'அறியாமை' என்று எழுதிக்கொண்டீர்கள்.

அவள் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று நான் எழுதவில்லை. அது தங்கள் பாடு. ஆனால் உண்மையை வரிசையாக வைத்தால் அது அவள் பக்கம் போய் விழுகிறது, என்ன செய்வது.

பெடல் உயிரோடு இருப்பதை வாரச் சோதனையில் யாராவது கண்டுபிடிப்பார்கள், அவள் ஏற்றிய சிப்பு என்று அவளுக்குக் கெட்ட பெயர் வரும், அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்தேன். ராஜம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விட்டாள். தங்களிடமும் அப்படிச் சொன்னால், பெடலை யார் மிதிப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை, அதாவது எனக்குத் தெரியவில்லை என்று மறுபடி எழுதுவீர்கள். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். என் அறை ஜன்னலிலிருந்து மூன்றாம் எண் பிரஸ் நேராகத் தெரியும். யாக்கோபுக்கு இடது முழங்காலில் வலி. செத்த பெடல்தானே என்று, காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வான். துண்டை எடுக்கக் குனியும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலில் இறங்கும். நான்கு வருஷமாகத் தினமும் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன்.

எனக்குத் தெரியும். ஒன்பதாம் பக்கத்தில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

என் புரோகிராமில் தவறு இல்லை. கொடுத்த பெயரை ஓர் எழுத்துகூட விடாமல் வைத்தது. இப்போது ஷாப்பில் அந்தப் பெண்ணுடையதைத்தான் ஓட்டுகிறார்கள், ஒவ்வொரு சிப்பிலும் பெயருக்குப் பக்கத்தில் எட்டு இடம் சும்மா கிடக்கிறது. எதற்கு அத்தனை காலி இடம் என்று அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?